பூங்கா காலி இடம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையின் மேற்குப் பகுதியில், இரண்டு ஏக்கருக்குச் சற்றே குறைவான ஒரு பூங்காவை ஒட்டிய தெருவில் இருபத்தாறு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். சென்ற மாதம் ஒரு நாள் விடியற்காலையில் வழக்கம்போல் நடக்கச் சென்றபோது, வாயிலருகே நிற்கும் வேப்பமரத்தின் அடிப்பகுதியில் சிவப்பு வண்ணத்தில் 1 என்று எழுதியிருந்தது. அடுத்த புங்கமரத்தில் 2, அதற்கடுத்த மகிழமரத்தில் 3 என்று போய், கடைசியில் தூங்குமூஞ்சி மரத்தில் 43-இல் முடிந்தது. வண்ணம் இன்னும் முழுதாகக் காயவில்லை. காவலாளியிடம் விசாரித்தோம். "நேத்து சாயங்காலம் நாலு பேர் வந்து டேப்பு வெச்சு அளந்தாங்க சார், வேற எதுவும் சொல்லல" என்றார். பூங்காவின் அடியில் இரண்டு தளங்களில் வாகன நிறுத்துமிடமும், மேலே ஒரு பக்கத்தில் உணவுக் கடைகளும், மீதி இடத்தில் "நவீன பூங்கா"வும் அமையவிருப்பதாகப் பத்து நாள் கழித்து நடந்த ஒரு கூட்டத்தில்தான் தெரிந்துகொண்டோம்.

பூங்காவின் பெயரையும் திட்டத்தைக் கொண்டுவருபவர்களின் பெயரையும் இக்கடிதத்தில் நான் எழுதவில்லை. பேச்சுவார்த்தை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்பது ஒரு காரணம். இதே கதையைத் தங்கள் பகுதிப் பூங்காவின் பெயரைப் போட்டுச் சொல்லக்கூடிய வாசகர்கள் தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் இருப்பார்கள் என்பது அதைவிட முக்கியமான காரணம்.

அந்தக் கூட்டத்தில் எங்களுக்கு விளக்கம் சொன்னவர் மரியாதையாகத்தான் பேசினார். நாங்கள் எதிர்ப்புத் தெரிவித்தபோது, "காலியாகக் கிடக்கிற இடத்தைத்தானே எடுத்துக்கொள்கிறோம், யாருடைய வீட்டையும் இடிக்கவில்லையே" என்று கேட்டார். அந்தக் கேள்வி அன்றிலிருந்து என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் கட்டடங்களுக்கு வரைபடம் வரையும் வேலையில் முப்பத்தொரு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு பகுதியின் வரைபடத்தை மேசையில் விரித்தால், கட்டடம் இருக்கும் இடமெல்லாம் கோடுகளால் நிறைந்திருக்கும். பூங்கா இருக்கும் இடம் மட்டும் வெள்ளைத்தாளாகத் தெரியும். மரத்துக்கு ஒரு சிறு வட்டம் போடுவோம். பல நேரங்களில் அதையும் போடமாட்டோம். அந்த வெள்ளையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அங்கே ஒன்றுமே இல்லை என்று தோன்றுவது எவ்வளவு எளிது என்பதை நான் அறிவேன். ஆனால் அந்த வெள்ளைக்குள் ஒரு நாள் முழுதும் என்ன நடக்கிறது என்பதைத் திட்டம் போடுபவர்கள் ஒருமுறையேனும் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

எங்கள் பூங்காவின் கதவு காலை ஐந்து மணிக்குத் திறக்கிறது. முதலில் வருபவர்கள் நடைப்பயிற்சிக்காரர்கள்; சர்க்கரை நோய் வந்த பிறகு மருத்துவர் சொல்லி நடக்கத் தொடங்கியவர்களே அவர்களில் பாதிப் பேர். ஆறரை மணிக்கு அவர்கள் கலைந்ததும், எதிர்ச்சாரியில் ஒற்றை அறை வீடுகளில் குடியிருக்கும் பிள்ளைகள் பந்தோடு வந்துவிடுகிறார்கள். பொதுத்தேர்வுக் காலத்தில் அதே பிள்ளைகளின் அண்ணன்களும் அக்காள்களும் மேற்கு மூலை விளக்குக் கம்பத்தின் கீழ் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். வீட்டில் தொலைக்காட்சி ஓடும், தம்பி தங்கைகள் தூங்க வேண்டும், ஒரே ஒரு அறைதான். அவர்கள் வேறு எங்கே போவார்கள்?

மாலையில் வரும் ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் நான்கு வீடுகளில் வேலை செய்பவர். ஐந்தே முக்கால் மணிக்கு வேலையை முடித்துக்கொண்டு, பையைக் கீழே வைத்துவிட்டு, தூங்குமூஞ்சி மரத்தடியில் உள்ள சிமென்ட் பெஞ்சில் இருபது நிமிடம் உட்காருவார். யாரிடமும் பேசமாட்டார், கைபேசியையும் எடுக்கமாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதங்களை மண்ணில் வைத்துக்கொண்டு அப்படியே இருப்பார். பிறகு எழுந்து, வீட்டுச் சமையலைத் தொடங்கப் பேருந்து ஏறப் போவார். ஒருநாள் என் மனைவி கேட்டதற்கு, "நாளெல்லாம் யாரும் என்னை ஒரு வேலையும் சொல்லாத நேரம் இதுதாம்மா" என்றாராம். அந்தப் பெஞ்சுக்கு மேலே நிற்கும் மரம்தான் 43-ஆம் எண்.

"பூங்கா எங்கேயும் போகவில்லை, வாகன நிறுத்துமிடம் தரைக்கு அடியில்தான் வருகிறது, வேலை முடிந்ததும் மேலே முன்பிருந்ததைவிட அழகாகச் செய்து தருவோம்" என்பது திட்டத்தை ஆதரிப்பவர்களின் முக்கியமான வாதம். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த வாதத்துக்கு என் தொழில் அனுபவத்திலிருந்தே பதில் சொல்ல விரும்புகிறேன். அடித்தளம் தோண்டுவதென்றால் முதலில் மேலே இருக்கும் மரங்கள் அனைத்தும் போக வேண்டும். இரண்டு தளங்களுக்கு மேல் கான்கிரீட் தளம் போட்டு, நீர் கசியாத பூச்சுப் பூசி, அதன்மேல் நான்கடி, மிஞ்சினால் ஐந்தடி மண் கொட்டுவார்கள். அந்த மண்ணில் புல் வளரும். செம்பருத்தியும் அரளியும் வளரும். தொட்டிச்செடிபோல் சில சிறு மரங்களும் வளரலாம். நாற்பது ஐம்பதாண்டுகள் வேர்விட்டு, கிளை விரித்து, ஒரு திடலுக்கே குடையாக நிற்கும் தூங்குமூஞ்சி மரம் அங்கே ஒருபோதும் வளராது. கீழே வேர் செல்ல வழியில்லாத பெருமரம் புயற்காற்றுக்கு நிற்காது. 2016 டிசம்பரில் வர்தா புயலில் வேரோடு சாய்ந்த மரங்களைப் பார்த்த சென்னைவாசிகளுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

மழைநீரின் நிலையும் அதேதான். எங்கள் தெரு மழைக்காலத்தில் நிரம்பும் தெரு. 2015 டிசம்பரில் எங்கள் வீட்டு முதல் படி வரை தண்ணீர் வந்தது. சாலையில் தேங்கும் நீரில் ஒரு பகுதி பூங்காவின் தாழ்ந்த கிழக்குப் பக்கத்துக்கு ஓடி, இரண்டொரு நாளில் மண்ணுக்குள் இறங்கிவிடுவதை ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் பார்க்கிறோம். அந்த மண்ணை அள்ளிவிட்டு நீர் புகாத கான்கிரீட் பெட்டியைப் புதைத்தால் அந்த நீர் எங்கே போகும்? மழைநீரை உறிஞ்சுவதற்கென்றே சென்னைப் பூங்காக்களில் குளம் வெட்டி, பஞ்சுப் பூங்காக்கள் என்று பெயரிட்டு, அண்மை ஆண்டுகளில் பொதுப்பணம் செலவழிக்கப்பட்டிருக்கிறது. மிகவும் நல்ல திட்டம் அது. ஒரு பூங்காவில் செலவு செய்து நீர் உறிஞ்சும் தன்மையை உண்டாக்குவதும், இன்னொரு பூங்காவில் செலவு செய்து அதே தன்மையை அழிப்பதும் ஒரே நகரத்தில் எப்படி நடக்க முடியும் என்று எனக்கு விளங்கவில்லை.

"கொஞ்ச காலம்தான் மூடியிருக்கும்" என்ற உறுதிமொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்கா நம் நகரின் பெரிய பூங்காக்களில் ஒன்று. எட்டு ஏக்கருக்கும் மேல் பரப்புடையது. மெட்ரோ ரயில் நிலையம் கட்டுவதற்காக 2011-இல் அது மூடப்பட்டது. நூற்றுக்கணக்கான மரங்கள் வெட்டப்பட்டன. ரயில் நிலையம் 2017 மே மாதத்தில் திறக்கப்பட்டது. ஆனால் பூங்கா மக்களுக்குத் திரும்பக் கிடைத்தது 2023-இல்தான். 2011-இல் அந்தப் பூங்காவில் ஊஞ்சலாடிய ஐந்து வயதுப் பிள்ளை, மீண்டும் உள்ளே நுழைந்தபோது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் வயதில் இருந்திருக்கும். மெட்ரோ ரயிலை நான் குறை சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று முறை அதில் பயணம் செய்கிறேன். பல இலட்சம் பேர் பயன்படுத்தும் பொதுப் போக்குவரத்துக்காக ஒரு பகுதி மக்கள் பன்னிரண்டு ஆண்டுகள் பொறுத்துக்கொண்டார்கள். இருநூறு முந்நூறு கார்கள் நிற்பதற்காக எங்கள் பிள்ளைகளும் அவ்வாறு பொறுக்க வேண்டும் என்று கேட்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

சென்னையில் பூங்கா ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோன வரலாறு புதிதும் அன்று. 1859-இல் சென்னை மாகாண ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன், அன்று கறுப்பர் நகரம் எனப்பட்ட இன்றைய ஜார்ஜ் டவுன் மக்கள் நெருக்கடியிலிருந்து வெளியே வந்து காற்று வாங்க ஒரு பெரிய பூங்கா வேண்டும் என்று எண்ணி உருவாக்கியதுதான் பீப்பிள்ஸ் பார்க். இன்றைய சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகில் 116 ஏக்கரில், குளங்களோடும் விலங்குக் காட்சிச்சாலையோடும் அது இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதன் ஓரத்தில் விக்டோரியா பொது மண்டபம் எழுந்தது. பின்னர் மூர் மார்க்கெட் வந்தது. 1913-இல் நகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டது. அதன் பின்னர் விளையாட்டரங்கம் வந்தது. 1985-இல் மூர் மார்க்கெட் தீக்கிரையானதும், அந்த இடமாவது பூங்காவுக்குத் திரும்பவில்லை. ரயில்வே கட்டடம் வந்தது. காட்சிச்சாலை வண்டலூருக்குப் போய்விட்டது. ஒரு மூலையில் எஞ்சியிருக்கும் மை லேடீஸ் பூங்காவில் நின்று பார்ப்பவர்கள், ஒரு காலத்தில் இவ்வளவு பெரிய மக்கள் பூங்காவின் துண்டு இது என்று நம்பமாட்டார்கள்.

இந்த வரலாற்றில் நான் கவனிப்பது ஒன்றே ஒன்று. அங்கே எழுந்த கட்டடங்களில் எதையும் தீய நோக்கத்தில் கட்டியதாகச் சொல்ல முடியாது. மண்டபமும் சந்தையும் மாநகராட்சி அலுவலகமும் விளையாட்டரங்கமும் நகரத்துக்குத் தேவையானவைதாம். ரிப்பன் மாளிகையின் அழகை நானும் நின்று ரசித்திருக்கிறேன். ஒவ்வொன்றும் வந்தபோது, "இவ்வளவு பெரிய இடத்தில் இது ஒன்றுதானே" என்று தோன்றியிருக்கும். பூங்காவைப் பறிக்க வருவது எப்போதுமே ஒரு நல்ல காரியமாகத்தான் வருகிறது. எதிர்த்துப் பேசுபவர் ஊர் நன்மைக்குக் குறுக்கே நிற்பவர்போல் ஆகிவிடுகிறார்.

இதை நீதிமன்றமும் பார்த்திருக்கிறது. பெங்களூரில் குடியிருப்புத் திட்டத்தில் பூங்காவுக்கென ஒதுக்கிய மனையை ஒரு தனியார் மருத்துவ அறக்கட்டளைக்கு மருத்துவமனை கட்ட ஒதுக்கினார்கள். அப்பகுதி மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். மருத்துவமனையைவிட நல்ல காரியம் வேறென்ன இருக்க முடியும்? ஆனாலும் உச்ச நீதிமன்றம் 1991-இல் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றே தீர்ப்பளித்தது. பூங்காவுக்காக விட்ட திறந்தவெளி அங்கே வாழும் மக்கள் அனைவருக்கும் உரியது, அதைக் காப்பாற்றக் கோரி வழக்குத் தொடுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்பதையும் அத்தீர்ப்பு உறுதி செய்தது. லக்னோவில், நெரிசல் மிகுந்த அமீனாபாத் சந்தைப் பகுதியில் இருக்கும் ஜண்டேவாலா பூங்காவின் கதை எங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது. விடுதலைப் போராட்டக் கூட்டங்கள் நடந்த அந்தப் பூங்காவின் அடியில் நிலத்தடி வணிக வளாகம் கட்டத் தனியார் நிறுவனம் ஒன்றுடன் நகராட்சி ஒப்பந்தம் போட்டது. வேலையும் பெரும்பகுதி நடந்துவிட்டது. 1999-இல் உச்ச நீதிமன்றம், பூங்கா என்பது மக்கள் சார்பில் நகராட்சி பொறுப்பாக வைத்திருக்கும் சொத்து, அதை இவ்வாறு கைமாற்ற அதற்கு அதிகாரம் இல்லை என்று கூறி, கட்டியதை இடித்துப் பூங்காவைப் பழைய நிலைக்குக் கொண்டுவர உத்தரவிட்டது. "கீழேதானே கட்டுகிறோம்" என்ற வாதம் அங்கும் கட்டுமானத்தைக் காப்பாற்றவில்லை.

நம் மாநிலத்திலோ இதற்கென்று தனிச் சட்டமே இருக்கிறது. பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைப் பாதுகாக்கவும் ஒழுங்குபடுத்தவும் 1959-இல் இயற்றிய தமிழ்நாடு சட்டம், உள்ளாட்சி அமைப்புகள் தங்கள் எல்லைக்குள் இருக்கும் இத்தகைய இடங்களைப் பட்டியலிட வேண்டும் என்றும், அரசின் முன்அனுமதியின்றி அவற்றை வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கூடாது என்றும் சொல்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் பழைமையான இச்சட்டத்தைப் பற்றி எங்கள் கூட்டத்தில் கேட்டபோது, அங்கிருந்தவர்களிடமிருந்து எங்களுக்குத் தெளிவான பதில் எதுவும் கிடைக்கவில்லை. எங்கள் பூங்கா அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்ற எளிய கேள்விக்கும் இன்றுவரை பதில் இல்லை.

வாகன நிறுத்துமிடம் தேவையே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் பகுதிக் கடைத்தெருவில் சாலையின் இருபுறமும் வண்டிகள் நிற்பதால் அவசர ஊர்தி நுழையத் திணறுவதை நேரில் பார்த்திருக்கிறோம். ஆனால் தியாகராய நகரில் பல அடுக்கு வாகன நிறுத்துமிடம் கட்டியபோது அதற்காகப் பனகல் பூங்காவைத் தோண்டவில்லை. தணிகாசலம் சாலையில் தனியாகக் கட்டினார்கள். எங்கள் பகுதியிலும், பூங்காவிலிருந்து நடந்து போகும் தொலைவில், பல ஆண்டுகளாகப் பூட்டியே கிடக்கும் பழைய கிடங்கு ஒன்று பொது நிலத்திலேயே இருக்கிறது. அந்த இடத்தை ஏன் ஆராயவில்லை என்று கேட்டால், "அதில் நடைமுறைச் சிக்கல் இருக்கிறது" என்கிறார்கள். கிடங்குக்கு ஏதோ ஒரு கோப்பு, யாரோ ஓர் உரிமையாளர், ஏதோ ஒரு வழக்கு இருக்கக்கூடும். பூங்காவுக்கு அப்படி யாரும் இல்லை என்ற எண்ணத்தில்தான் அதன்மேல் கை வைப்பது எளிதாகத் தோன்றுகிறது.

நடைப்பயிற்சி செய்யும் வசதியான சிலர்தான் எதிர்க்கிறார்கள் என்றும் ஒரு பேச்சு அடிபடுகிறது. எங்கள் மனுவில் கையெழுத்திட்ட முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் பெரும்பாலோர் எதிர்ச்சாரியின் ஒற்றை அறை வீடுகளில் இருப்பவர்கள். அவர்களில் கார் வைத்திருப்பவர் ஒருவர்கூட இல்லை. வசதி உள்ளவர்களுக்கு மொட்டைமாடி இருக்கிறது, உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது, கோடையில் ஊட்டிக்குப் போக வழி இருக்கிறது. மே மாத வெயிலில் தகரக் கூரையின் கீழ் வெந்துபோகும் குடும்பத்துக்கு மாலையில் இருக்கும் ஒரே குளிர்ச்சி இந்த நிழல்தான். பூங்கா போனால் அதிகம் இழப்பவர்கள் அவர்கள்தாம். மத்திய அரசின் நகர்ப்புறத் திட்டமிடல் வழிகாட்டு நெறிகள் ஒருவருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி இருப்பது விரும்பத்தக்கது என்கின்றன. எங்கள் வட்டத்தில் தெருவுக்கு எத்தனை ஆயிரம் பேர் வாழ்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த இரண்டு ஏக்கரில் ஒரு சதுர அடியைக்கூட விட்டுக்கொடுக்க முடியாது என்பது புரியும்.

தங்கள் நாளிதழ் வழியாகச் சம்பந்தப்பட்டவர்களிடம் நாங்கள் கேட்பவை மிகவும் எளியவை. திட்டத்தின் வரைபடத்தையும், வெட்டப்படவுள்ள மரங்களின் முழுப் பட்டியலையும், செலவு மதிப்பீட்டையும், கடைகளை நடத்தப்போவது யார் என்ற விவரத்தையும் தமிழில் அச்சிட்டுப் பூங்கா வாயிலில் ஒட்டுங்கள். நகர்ப்புற உள்ளாட்சிகளில் பகுதி சபைகள் அமைக்க 2022-இல் தமிழ்நாடு அரசே விதிகள் வகுத்தது. கிராமத்தாருக்குக் கிராம சபை இருப்பதுபோல் நகரத்தாருக்கும் பேச ஓர் இடம் வேண்டும் என்றுதானே அவை வந்தன? எங்கள் பகுதி சபையைக் கூட்டி, இத்திட்டத்தை அங்கே வைத்து, ஆம் அல்லது இல்லை என்று மக்கள் சொல்வதைத் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியான பட்டியலில் எங்கள் பூங்கா இருக்கிறதா என்பதை எழுத்து மூலம் தெரிவியுங்கள். இவை மூன்றும் நடந்து முடியும் வரை பூங்காவுக்குள் ஒரு மண்வெட்டிகூட இறங்கக் கூடாது.

தங்கள் செய்தியாளர் ஒருவரை ஒரு மாலைப்பொழுதில் எங்கள் பூங்காவுக்கு அனுப்பி வைத்தால் மிகவும் நன்றியுள்ளவர்களாக இருப்போம். ஐந்தே முக்கால் மணிக்கு வந்தால் நல்லது. 43-ஆம் எண் மரத்தடியில் அந்த அம்மா உட்கார்ந்திருப்பார். அவரைத் தொந்தரவு செய்யாமல் சற்றுத் தள்ளி உள்ள பெஞ்சில் நாங்கள் காத்திருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
சென்னை